பொதுத் தொட்டியில் நல்லெண்ணெய்

“நவம்பர் ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை தீபாவளி. அங்கே பஞ்சாங்கம் கிடைக்காது என்பதால் எழுதுகிறேன். விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிடு. வெந்நீருக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று நீயே எழுதியிருந்தாய்.”

பெங்களூர் அல்சூரிலிருந்து என் அப்பா 1961 அக்டோபரில் எழுதிய ஏரோகிராமில் உள்ள வரிகள் இவை. கடிதம் என் கைக்கு வந்த தேதியை அதன் மடிப்பின் மேல் பென்சிலால் எழுதினேன். அது இப்போது அழிந்துவிட்டது. அந்த மாதத்தின் கடைசி வாரம் என்பது மட்டும் நிச்சயம்.

நான் அப்போது டோக்கியோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருந்தேன். வயது இருபத்து மூன்று. பெங்களூரில் அளவுகருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலை எங்களில் சிலரைப் பயிற்சிக்காக அங்கே அனுப்பியிருந்தது. திரும்பி வந்த பிறகு என்னிடம் ஜப்பானைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லோரும் பூக்களையும் கோயில்களையும் பற்றித்தான் கேட்டார்கள். அவற்றைப் பற்றி நூலகத்தில் என்னைவிட நன்றாக எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்தது ஒரு தெரு, ஒரு மாடி அறை, ஒரு பொதுக் குளியல் வீடு. எனவே அதையே எழுதுகிறேன்.

அந்த ஊர் அன்றைய தொம்மலூரைப் போல, ஊராகவும் இல்லாமல் வயலாகவும் இல்லாமல் இருந்தது. ரயில் நிலையத்தைச் சுற்றிக் கடைகள். அவற்றைத் தாண்டினால் முள்ளங்கி வயல். வயலுக்கு நடுவே திடீரென்று பத்துப் பதினைந்து மரவீடுகள், புதிதாக நட்ட தந்திக் கம்பங்கள். அந்த வீடுகளில் ஒன்றின் மாடியறையில் நானும் இன்னொரு பயிற்சியாளனும் குடியிருந்தோம். அவன் லிங்கராஜபுரத்துக்காரன், தமிழ்க் கிறிஸ்தவன், அவன் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பெங்களூரில் நாங்கள் ஒரே தொழிற்சாலையில் இருந்தும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பம்பாயில் கப்பல் ஏறியது முதல் பேச வேறு ஆள் இல்லாமல் நண்பர்களானோம்.

வீட்டுக்கு உரியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விதவை. கீழே அவர் தனியாக இருந்தார். அதிகம் பேச மாட்டார். நாங்கள் ஏதேனும் தவறு செய்தால் அதைச் சொல்லாமல் சரி செய்துவிட்டுப் போய்விடுவார். வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு உண்டு. வந்த புதிதில் லிங்கராஜபுரத்துக்காரன் அந்தச் செருப்போடு சாப்பாட்டு அறை வரை நடந்து வந்துவிட்டான். அம்மையார் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுந்தார், அவன் காலடியில் குனிந்து அந்தச் செருப்பை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு போனார், கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் தேநீர் ஊற்றினார்.

“ரெண்டு திட்டு திட்டிட்டா நல்லா இருக்கும் மச்சான்,” என்றான் அவன் மாடியில். “எங்கம்மாவா இருந்தா செருப்ப எடுத்து என் மேலயே போட்டிருக்கும். இது இன்னாடா, கால்ல விழுந்து எடுத்துக்கினு போவுது.”

சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதப்போவதில்லை. சோறு கிடைத்தது, அது கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. தயிர் என்று நம்பி வாங்கிய சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் சர்க்கரை போட்டிருந்தது. இரண்டுக்கும் பழகிவிட்டோம்.

அக்டோபர் நடுவில் பயிற்சிப் பிரிவின் அதிகாரி எங்களை அழைத்து ஒரு விஷயம் சொன்னார். முதற்கட்டப் பயிற்சி டிசம்பரோடு முடிகிறது. மற்ற அளவுகருவிகளைச் சோதிக்க உதவும் நுண்ணளவுக் கட்டைகளைத் தேய்த்துச் சரிபார்க்கும் இரண்டாம் கட்டம் அதற்குப் பின் ஏழு மாதம் நடக்கும். ஆனால் நிறுவனத்தின் விடுதியில் இடமில்லை. வெளியே சொந்தமாக அறை வைத்திருப்பவர்கள் மட்டும் தங்கலாம். மற்றவர்கள் ஜனவரியில் கப்பல் ஏற வேண்டும். பெங்களூரில் எங்கள் தொழிற்சாலை அப்போது ஓர் அளவுச் சோதனை அறையைக் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் கட்டம் முடித்தவர்களுக்குத்தான் அதற்குள் வேலை. முடிக்காமல் திரும்பினால் நான் விட்டுவந்த கடைசல் இயந்திரத்தின் முன்னாலேயே மறுபடியும் நிற்க வேண்டியதுதான்.

எங்களுக்கு அறை இருந்தது. ஆனால் அது நிரந்தரமாக இல்லை. அந்தத் தெருவில் யாரும் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமல் வெளியாரைக் குடிவைப்பதில்லை. தெருவாருக்கு ஒரு சங்கம் உண்டு. சாக்கடை சுத்தம் செய்யும் முறை, தீ எச்சரிக்கை, எல்லாம் அதன் பொறுப்பு. வீட்டுக்கார அம்மாள் எங்களை வைத்துக்கொள்ளக் கேட்டபோது சங்கத்தின் தலைவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, வருடக் கடைசிக் கூட்டம் வரைக்கும் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். “அவர்கள் நம் முறைப்படி நடப்பார்களா?” என்று அவர் கேட்க, “அதற்கு நான் பொறுப்பு” என்று அம்மாள் சொன்னாராம். இதை அம்மாளே எங்களிடம் சொன்னார். அந்தத் தலைவர்தான் தெருமுனையில் இருந்த குளியல் வீட்டின் சொந்தக்காரர்.

அங்கே பெரும்பாலான வீடுகளில் குளியலறை கிடையாது. மாலையில் தெருவே குளியல் வீட்டுக்குப் போகும். நீண்ட புகைபோக்கி, வாசலில் நீலத் துணித் திரை, உள்ளே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே உயரமான இருக்கையில் குளியல் வீட்டுக்காரரின் மனைவி. உள்ளே போனால் சுவர் முழுதும் பனிமலையின் ஓவியம்; அதன் கீழே ஒரே நேரத்தில் பதினைந்து பேர் கழுத்தளவு உட்காரக்கூடிய வெந்நீர்த் தொட்டி. முறை இதுதான்: சிறு முக்காலியில் உட்கார்ந்து, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுவதும் கழுவிக்கொண்டு, சுத்தமான உடம்போடுதான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி குளிப்பதற்கு அல்ல, சூடேறுவதற்கு. ஒரே தண்ணீரில்தான் அன்றைக்கு எல்லோரும் உட்காருகிறார்கள். உடம்பில் ஒரு துணியும் இல்லாமல் நிற்பதற்கு எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. முறையைக் கற்றுக்கொள்ள ஒரே நாள் போதுமாக இருந்தது. மற்றவர்களைப் பார்த்துச் செய்தோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எங்கள் மேல் ஒரு குறையும் எழவில்லை.

அப்பாவின் கடிதம் வந்த பிறகு நானும் லிங்கராஜபுரத்துக்காரனும் அதைப் பற்றி வாதம் செய்தோம். குளியல் வீடு திறப்பதே பிற்பகல் மூன்று மணிக்கு. விடியுமுன் குளிப்பது எப்படி? பெங்களூரில் விடியுமுன் என்றால் நமக்கு இங்கே காலை எட்டு மணி, தொழிற்சாலையில் இருப்போம் என்று நான் கணக்குச் சொன்னேன்.

“நரகாசுரன் டைம் பாத்தா செத்தான்?” என்றான் அவன். “சாயங்காலமே தேச்சிக்கோ. எனக்கும் கொஞ்சம் தா. எங்க வீட்லயும் சனிக்கிழமைன்னா எண்ணெதான். எண்ணெய்க்கு ஏதுடா மதம்?”

“உனக்குத் தீபாவளி கிடையாதே.”

“பலகாரம் மட்டும் பக்கத்து வீட்லேர்ந்து வருஷா வருஷம் வரும்ல, அந்த உரிமைல கேக்கறேன்.”

சீயக்காய் இருந்தது. என் அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் அடைத்துக் கொடுத்திருந்தாள். கோபே துறைமுகத்தில் சுங்க அதிகாரி அதைத் திறந்து முகர்ந்து, தும்மி, என்னவென்று கேட்டபோது “சோப்” என்று சொல்லித் தப்பித்தோம். எண்ணெய்தான் இல்லை. கடலில் கசியும் என்று அம்மா கொடுக்கவில்லை. நான் கையகராதியைப் பார்த்து எள்ளுக்கு என்ன சொல், எண்ணெய்க்கு என்ன சொல் என்று எழுதிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மிளகுப்பொடி டப்பா போல ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து வைத்தார். மூன்று வேண்டும் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். அந்த ஊரில் அந்த எண்ணெயைக் குழம்பில் இரண்டு சொட்டு விடுவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அறைக்கு வந்து மூடியைத் திறந்தேன். நம் நல்லெண்ணெய் வெளிர் மஞ்சள். பச்சை எள்ளை ஆட்டி எடுப்பது. இது கருந்தேன் நிறத்தில் இருந்தது. அங்கே எள்ளை நன்றாகக் கருக வறுத்த பிறகுதான் பிழிகிறார்கள். ஒரு துளியின் மணம் அறை முழுதும் பரவியது. கீழேயிருந்து அம்மாள் மேலே வந்து பாட்டில்களைப் பார்த்தார். நாங்கள் ஏதோ பொரிக்கப்போகிறோம் என்று நினைத்துவிட்டார். மரவீடு, பாயும் காகிதக் கதவும், அறையில் எண்ணெய்ச் சட்டி வைக்கவே கூடாது என்று கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டார். சட்டி வைக்க மாட்டோம் என்று உறுதி சொன்னேன். எதற்கு வாங்கினேன் என்று அவர் கேட்கவில்லை. தலையில் தேய்க்க என்பதை ஜப்பானிய மொழியில் சொல்ல நானும் முயலவில்லை.

ஏழாம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு அறைக்கு வந்தோம். பாயின் மேல் செய்தித்தாளை நான்கு அடுக்காக விரித்து உட்கார்ந்தேன். பாட்டிலை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கினோம். அல்சூரில் என்றால் அம்மா உச்சியில் முதல் எண்ணெய் வைப்பாள், பிறகு அப்பா தேய்த்துவிடுவார். இங்கே அந்த இரண்டு வேலையையும் லிங்கராஜபுரத்துக்காரன் செய்தான். ஃபிட்டர் மகனுக்கு உரிய வகையில், பேரிங்குக்கு மசகு போடுவதைப் போலச் செய்தான்.

“டேய், போதும்டா, காதுல போவுது.”

“தீபாவளிக்கு வந்தவன் சும்மா உக்காரு. மச்சான், உன் தலைலேர்ந்து எள்ளுருண்ட வாசன வருது. தெருல எவனாச்சும் கடிச்சிடப் போறான், பாத்து நட.”

பின்பு அவன் தலைக்கு நான் தேய்த்தேன். அரைமணி ஊறினோம். பருத்தி அங்கியை மாட்டிக்கொண்டு, மரச்செருப்போடு, கையில் சிறு வாளியும் சீயக்காயுமாக இறங்கினோம். தெருவில் இரண்டு பெண்கள் எங்களைக் கடந்த பிறகு நின்று, எந்த வீட்டில் பொரியல் நடக்கிறதென்று பார்ப்பது போல இரு பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள்.

முறைப்படிதான் எல்லாம் செய்தோம் என்பதை இங்கே பதிந்துவிட வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து சீயக்காயைக் குழைத்து மூன்று தடவை தேய்த்தேன். அலசிய தண்ணீர் கரும்பச்சையாக, பொடியும் எண்ணெயுமாகத் தரையின் நடுவே ஓடும் கால்வாயில் இறங்கியது. கால்வாய் எல்லா முக்காலிகளுக்கும் பொதுவானது. கீழ்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கால்கள் மட்டும் வரிசையாக உயர்ந்து, தண்ணீர் கடந்ததும் வரிசையாக இறங்கின. வீட்டில் இவ்வளவு சீயக்காய் போட்டால் தலை வறண்டுவிடும். ஆனால் வறுத்த எண்ணெயின் கனமோ, சீயக்காய் எட்டு மாதம் டப்பாவில் இருந்ததோ, என் தலை சுத்தமாகவில்லை. சுத்தமாகிவிட்டது என்று நினைத்து நான் தொட்டியில் இறங்கினேன்.

அந்தத் தண்ணீர் நாம் வழக்கமாக ஊற்றிக்கொள்ளும் வெந்நீரைவிடச் சூடு. கழுத்துவரை அமர்ந்ததும் என்னைச் சுற்றி ஒரு வட்டம் விரிந்தது. மழைநாளில் பழைய மெட்ராஸ் ரோட்டில் பெட்ரோல் பங்க் முன்னால் தேங்கிய நீரில் தெரியுமே, அந்த நீலமும் சிவப்பும். அது மெல்ல நகர்ந்து எதிரே இருந்த கிழவரின் மோவாயைத் தொட்டது. அவர் எழுந்தார். எனக்குச் சற்றே தலைவணங்கிவிட்டு வெளியேறினார். அடுத்தவர் எழுந்தார். பிறகு இருவர். இறுதியில் அவ்வளவு பெரிய தொட்டியில் நாங்கள் இருவரும் பனிமலையும்தான்.

“மச்சான்,” என்றான் லிங்கராஜபுரத்துக்காரன், உதடு அசையாமல். “எழுந்திரு. மெதுவா எழுந்திரு. சிரிக்காத, ஒண்ணும் பண்ணாத.”

“நான் எங்கடா சிரிச்சேன்?”

குளியல் வீட்டுக்காரர் வந்தார். ஐம்பது வயது, குட்டையான மனிதர், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்திருந்தார். தண்ணீரைப் பார்த்தார். ஒரு விரலைத் தோய்த்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தொட்டியின் ஓரத்தில் இருந்த அடைப்பைத் திறந்துவிட்டார். அந்தத் தொட்டியை மறுபடி நிரப்பிச் சூடேற்ற மூன்று மணி நேரம் ஆகும். அது கூட்டம் மிகுந்த நேரம். வாசலில் “இன்று விடுமுறை” என்ற பலகை தொங்கியது. அவரும் மனைவியும் வாசலில் நின்று, தலையில் சோப்போடு வெளியேறியவர்கள் ஒவ்வொருவரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். எங்களிடமும் கேட்டார்கள். அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. இப்போது ஓரளவு புரிகிறது.

மறுநாள் மாலை வீட்டுக்கார அம்மாள் எங்களைக் கோட்டு அணிந்துகொள்ளச் சொன்னார். அவர் கறுப்புக் கிமோனோ உடுத்தியிருந்தார். கையில் துணியில் கட்டிய ஒரு பெட்டி. பயறும் சர்க்கரையும் சேர்ந்த அல்வா போன்ற இனிப்பு. குளியல் வீட்டின் பின்பக்கம் அவர்கள் குடியிருந்த பகுதியில் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தோம். அம்மாள் நெற்றி பாயில் படும்படி குனிந்து, நெடுநேரம் நிமிரவில்லை. நாங்களும் குனிந்தோம். பிறகு அம்மாள் எங்களைப் பின்கட்டில் காத்திருக்கச் சொல்லிவிட்டு குளியல் வீட்டுக்காரரோடு தனியாகப் பேசினார். லிங்கராஜபுரத்துக்காரன் கதவருகே இருந்தான். நான் தள்ளி, விறகடுக்கின் பக்கம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்கள்.

குளியல் வீட்டுக்காரர் என்னைக் கேட்டது ஒன்றுதான்: ஏன்? எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். எங்கள் நாட்டில் நேற்று பண்டிகை. அன்று எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்க வேண்டும். அன்று எந்த வெந்நீரும் புண்ணிய நதி. அவர் தலையசைத்தார். பிறகு, “வருடத்துக்கு எத்தனை முறை?” என்றார்.

நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். புதன், சனி, பிறகு பண்டிகை நாள்கள் தனி. வாயைத் திறப்பதற்குள் லிங்கராஜபுரத்துக்காரன், “ஒரு முறை,” என்றான். ஒற்றை விரலையும் காட்டினான்.

“ஒரு முறை,” என்று திருப்பிச் சொன்னார் அவர். வருடக் கடைசிக் கூட்டத்தில் பேசுகிறேன் என்றார். பேட்டி முடிந்தது.

தெருவுக்கு வந்ததும், அம்மாள் நாலு அடி முன்னால் போக, நான் சண்டைக்குப் போனேன். “அவ்ளோ பெரிய மனுஷன்கிட்ட பொய் சொல்லிட்டியேடா.”

“பொய்யா? தீபாவளி வருஷத்துக்கு எத்தினி வாட்டி வருது, சொல்டா.”

“ஒரு வாட்டி.”

“அப்புறம் இன்னா? அவரு கேட்டதும் தீபாவளியத்தான். நீ விரல மடக்கறப்பவே எனக்குப் புரிஞ்சிபோச்சு. சனிக்கெழம, பொதன் கெழம, ஆடி, அமாவாசன்னு லிஸ்ட் போட்டிருப்ப. இன்னிக்கே கப்பல்ல ஏத்தியிருப்பாங்க.”

“அமாவாசைக்கு எண்ணெ தேய்க்க மாட்டாங்க.”

“பாத்தியா? இதையும் அவரண்ட சொல்லிருப்ப நீ!”

முன்னால் போன அம்மாள் திரும்பிப் பார்த்தார். நாங்கள் அடங்கினோம்.

குளியல் வீட்டுக்கு வர வேண்டாம் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. போகாமல் இருப்பதே நல்லது என்று அம்மாள் நினைத்தார். எனவே நவம்பர் முழுதும், டிசம்பரில் பாதிக்கு மேலும், ரயிலில் இரண்டு நிலையம் தள்ளிப் போய்க் குளித்தோம். சுடுநீரில் ஊறிவிட்டுத் திரும்பும்போது நடைமேடையில் வீசும் காற்று, ஊறியதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். எண்ணெய்ப் பாட்டில்களில் ஒன்றை அம்மாள் அவருடைய சமையலுக்கு எடுத்துக்கொண்டார். பிரிக்காமல் இருந்த இன்னொன்றை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

அந்த வாரங்களில் நான் கவனித்த ஒன்று உண்டு. அந்தத் தெருவில் செய்திகள் ஒரு பலகையில் செருகப்பட்டு வீடு வீடாகப் போகும். படித்துவிட்டு உங்கள் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது வலப்பக்கத்து வீட்டிலிருந்து வரும். அம்மாள் அதை இடப்பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். நவம்பரில் இரண்டு தடவை அந்தப் பலகை எங்கள் வாசலைக் கடந்து நேராக இடப்பக்கம் போனதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கொண்டுபோன பெண்மணி எங்கள் வாசலில் தலைவணங்கிவிட்டுத்தான் போனார். அம்மாள் அப்போது முற்றத்தில் முள்ளங்கியைக் கயிற்றில் கோத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரும் வணங்கினார். பிறகு அதே முள்ளங்கிகளை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

பயிற்சிப் பிரிவில் ஜனவரிக்கான பெயர்களைக் கேட்டார்கள். அறை உறுதியா என்றார் அதிகாரி. வருடக் கடைசியில் தெரியும் என்றேன். கப்பல் இடத்துக்கும் என் பெயரை எழுதிவைத்துக்கொண்டார். இதை அப்பாவுக்கு எழுதவில்லை. எண்ணெய்க் குளியல் ஆயிற்று என்று மட்டும் எழுதினேன். அவரும் திருப்தி என்று பதில் எழுதியிருந்தார்.

டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை. அங்கே அது ஆண்டின் மிகக் குறுகிய பகல். அன்று குளிப்பதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. வேலை முடிந்து வந்தபோது அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். குளியல் வீட்டிலிருந்து ஆள் வந்ததாகவும், இன்று எங்கள் இருவரையும் வரச் சொன்னதாகவும் சொன்னார். துவைத்து மடித்த துண்டுகளைக் கையில் கொடுத்தார். நாங்கள் அறைக்குக்கூடப் போகவில்லை.

திரையை விலக்கும்போதே மணம் வந்தது. தொட்டியில் ஐம்பது அறுபது மஞ்சள் பழங்கள் மிதந்தன. எலுமிச்சையைவிடப் பெரிது, நார்த்தங்காயைவிடச் சிறிது, மேடுபள்ளமான தோல். யூஸு என்று பெயர். சிலவற்றைக் கீறிவிட்டிருந்தார்கள். அன்று அதில் குளித்தால் குளிர்காலம் முழுதும் சளி பிடிக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. நாங்கள் சோப்பை மட்டும், மிக அதிகமாக, போட்டுக் கழுவிக்கொண்டு தொட்டியின் ஓரத்தில் நின்றோம். பழத்தோலிலிருந்து இறங்கிய எண்ணெய் விளக்கொளியில் நீர்மேல் மினுமினுத்தது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கழுத்துவரை உட்கார்ந்திருந்தார்கள்.

குளியல் வீட்டுக்காரர் அடுப்புப் பக்கக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு பழத்தைக் கையில் எடுத்து எங்களிடம் காட்டி, “இதுவும் வருடத்துக்கு ஒரு முறைதான்,” என்றார். பழத்தை மறுபடி தண்ணீரில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இறங்கினோம். ஒருவர் எழுந்து வெளியேறினார். அவர் ஏற்கெனவே வெகுநேரம் இருந்து சிவந்துபோயிருந்தார். எங்களால் எழுந்தாரா, சூட்டினால் எழுந்தாரா என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் அசையவில்லை. அன்று மோவாயில் எண்ணெய் பட்ட அதே கிழவர், தன்னிடம் மிதந்து வந்த பழம் ஒன்றைப் புறங்கையால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

“வச்சிக்கலாமா, திருப்பி அனுப்பணுமா?” என்றான் லிங்கராஜபுரத்துக்காரன்.

“தெரியலடா.”

“நீதான் புஸ்தகம் புஸ்தகமா படிக்கிறியே!”

அடுத்த வாரம் சுற்றுப் பலகை எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மாள் அதை மாடிக்கே எடுத்து வந்தார். அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. அதில் வருடக் கடைசிச் சாக்கடை சுத்தம் பற்றி எழுதியிருந்தது. எங்கள் வீட்டின் பங்குக்கு இரண்டு ஆள் என்று படித்துக் காட்டினார். நாங்கள் இருவரும் முப்பதாம் தேதி முழங்காலளவு சேற்றில் நின்று தெருவாரோடு சாக்கடை வாரினோம். கூட்டம் எப்போது நடந்தது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அறை உங்களுக்குத்தான் என்று அம்மாள் புத்தாண்டு அன்று காலை, அரிசி மாவுருண்டைகள் போட்ட குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே சொன்னார். ஜனவரியில் என் பெயர் கப்பல் இடத்திலிருந்து அடிக்கப்பட்டது. இரண்டாம் கட்டம் முடித்து 1962 ஆகஸ்டில் பெங்களூர் திரும்பினேன். சோதனை அறையில் சேர்ந்தேன். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

1966இல் லிங்கராஜபுரத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி முன்னால் குளியல் வீட்டுக் கதையை எல்லாம் நடித்துக் காட்டிவிட்டு, அவன் சாதாரணமாகச் சொன்னான்:

“ஆனா நம்ம வீட்டுக்காரம்மா மட்டும் அப்டிச் சொல்லலன்னா நாம அவுட்டுதான் மச்சான்.”

“எப்படிச் சொல்லலன்னா?”

“உனக்குத் தெரியாதா? அந்த எண்ணெய நான்தான் வாங்கிக் குடுத்தேன், தலைக்குத் தேச்சிக்குங்கன்னு நான்தான் சொன்னேன், தப்பு என்னுதுன்னு சொல்லிச்சே. நான் கதவாண்டதானே நின்னுக்கினு இருந்தேன்.”

“நீ இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொல்லியிருந்தா நீ அத்த நோட்ல எழுதிட்டு, நேரா போய் நான்தான் வாங்கினேன்னு உண்மைய சொல்லிட்டு வந்திருப்ப.”

இது நடந்ததா என்பதை நான் பலமுறை எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். அவன் கதவருகே இருந்தது உண்மை. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று குளியல் வீட்டுக்காரர் என்னைக் கேட்கவே இல்லை என்பதும் உண்மை. அது அவன் சொல்வதற்குச் சாதகம். ஆனால் 1961 நவம்பரில் அவனுடைய ஜப்பானிய மொழி ரயில் சீட்டு வாங்கும் அளவுக்குத்தான் இருந்தது. தாழ்ந்த குரலில், மிகுந்த மரியாதை நடையில் இரண்டு பெரியவர்கள் பேசியதை அவன் எவ்வளவு புரிந்துகொண்டிருப்பான் என்பது சந்தேகம். தவிர, அந்தத் தெருவின் மளிகைக்காரருக்கு எண்ணெய் வாங்கியது யார் என்று தெரியும். அவரும் சங்கத்தில் இருந்தார்.

அம்மாளுக்கே எழுதிக் கேட்டேன். தொழிற்சாலைக்கு வந்த ஒரு ஜப்பானியப் பொறியாளரைக் கொண்டு கடிதத்தைத் திருத்தி அனுப்பினேன். பதில் வந்தது. இந்தக் குளிர்காலம் கடுமை இல்லை என்றும், தெருவுக்குத் தார் போட்டுவிட்டார்கள் என்றும், மாடியறையில் இப்போது ஒரு கல்லூரி மாணவர் இருக்கிறார் என்றும் எழுதியிருந்தார். கேட்டதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த மௌனத்தை ஒப்புதல் என்றும் கொள்ளலாம், மறுப்பு என்றும் கொள்ளலாம். அவர் எனக்காக அப்படிச் சொன்னாரா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.